முதிய மரங்களைக் காக்க வேர்ப்பரப்பைக் காப்பாற்றுங்கள்

பவானி கூடுதுறையில் நீராடி சங்கமேஸ்வரரை வணங்க வருவோர், அக்கோயிலின் தலவிருட்சமான இலந்தை மரத்தையும் கும்பிட்டுவிட்டே திரும்புகிறார்கள். கோயில் மரத்தில் கோடரி வைக்க யாரும் துணியமாட்டார்கள். ஆனால் அதே ஊரின் பழைய புறப்பகுதிகளில், வீட்டு வாசலிலும் வேலியோரத்திலும் நிற்கும் முதிய வேம்பும் புளியும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. கோடரி படாமலே பட்டுப்போகும் மரங்களும் அவற்றில் உண்டு. இதற்கான காரணம் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் இருப்பதால் உரிமையாளர்களின் கண்ணில் படுவதில்லை.

பவானியைச் சுற்றியுள்ள வீட்டு மனைகளில் பலவும் ஒரு காலத்தில் தோட்டமாகவும் காடாகவும் இருந்தவை. இட்டேரிகள் தெருக்களாயின. களத்து மேட்டில் மாடு கட்ட நிழல் தந்த வேம்பு இன்று இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே நிற்கிறது. ஊரை ஒட்டி இன்னும் பண்ணையம் செய்யும் சிறு விவசாயிகளின் சாளைகளிலும், பாதை வந்ததாலும் பக்கத்தில் வீடு எழுந்ததாலும் மரங்களின் சூழ்நிலை மாறிவிட்டது. மரம் பழைய மரம்தான். அதன் காலடி மண்தான் புதிது.

இத்தகைய இடங்களில் நடப்பது ஏறத்தாழ ஒரே மாதிரியாக இருக்கிறது. வாசல் மேடாக இருக்கட்டும் என்று ஒன்றரை அடி கிராவல் மண் கொட்டப்படுகிறது. அதன்மேல் அடிமரத்தை ஒட்டி சிமெண்டுத் தளம் போடப்படுகிறது. அந்த ஆண்டு மரம் வழக்கம்போல் தழைக்கிறது. அடுத்த ஆண்டும் பூக்கிறது. மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் காயத் தொடங்குகின்றன. "வயதாகிவிட்டது, பட்டுப்போகிறது" என்று வீட்டார் முடிவு செய்து மரத்தை விற்றுவிடுகிறார்கள். தளம் போட்டதற்கும் மரம் காய்ந்ததற்கும் இடையே இத்தனை ஆண்டுகள் கழிந்துவிடுவதால், ஒன்று மற்றதற்குக் காரணம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

முதுமை வேறு, அழிவு வேறு

மரத்துக்கு வயதாவதே அதன் முடிவாகாது. கொல்கத்தா தாவரவியல் பூங்காவிலுள்ள பெரிய ஆலமரத்தின் நடுமரம் 19ஆம் நூற்றாண்டில் வீசிய புயல்களில் காயப்பட்டு, பூசணம் பற்றி அழுகியதால் 1925இல் அகற்றப்பட்டது. விழுதுகளின் பலத்தில் அந்த மரம் இன்றும் பரந்து நிற்கிறது. சென்னை அடையாறு ஆலமரத்தின் நடுமரம் 1989இல் காற்றில் சாய்ந்தது. அதுவும் விழுதுகளால் பிழைத்து வருகிறது. வேம்புக்கும் புளிக்கும் விழுது இல்லை. ஆகவே அவற்றுக்கு அடிமரமும் வேர்ப்பரப்புமே முழு ஆதாரமாகும்.

முதிய மரத்தின் நிலையை ஒரு பண்ணையத்தின் வரவு செலவோடு ஒப்பிடலாம். இலைகள் தயாரிக்கும் உணவு வரவு. அடிமரம், கிளை, வேர் ஆகிய பெரிய உடலைக் காப்பாற்றும் தேவை செலவு. இளம் மரத்தில் செலவைவிட வரவு அதிகம். காயம் பட்டாலும் சீக்கிரம் தேறிவிடும். முதிய மரத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கும். அந்த நிலையில் வேரில் கால் பங்கை வெட்டினாலோ, பச்சைக் கிளைகளை ஒரேயடியாகக் கழித்தாலோ, சேமிப்பைத் தின்று சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுப் பிறகு மரம் ஒடிந்துபோகும். ஆகவே முதிய மரத்தின் சூழ்நிலையைத் திடீரென்று மாற்றக் கூடாது என்பதே பராமரிப்பின் முதல் விதியாகும்.

வேர் எங்கே இருக்கிறது?

மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு வேர் இறங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இது சரியன்று. நீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழத்துக்குள் இருக்கின்றன. பக்கவாட்டில் அவை கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பரவுகின்றன. வேரும் மூச்சு விடுகிறது; அதற்கு மண்ணிடையே காற்று வேண்டும். அரை அடி மண்ணை மேலே கொட்டினால்கூடச் சில மரங்களின் மெல்லிய வேர்கள் மூச்சுத் திணறி அழுகும். டிராக்டரும் காரும் தினமும் ஏறி இறங்கினால் மண் இறுகி, மழைநீர் உள்ளே போகாமல் வழிந்து ஓடிவிடும்.

பாதுகாக்க வேண்டிய பரப்பை அறிய ஒரு கயிறு போதும். நெஞ்சு உயரத்தில், அதாவது தரையிலிருந்து நாலரை அடியில், அடிமரத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் கயிற்றை வெட்டிக் கொள்ளுங்கள். அடிமரத்திலிருந்து அந்தக் கயிற்றின் நான்கு மடங்கு தூரம் வரை வேர்ப்பரப்பு என்று கொள்ள வேண்டும். சுற்றளவு 6 அடி உள்ள வேம்புக்கு இது 24 அடி ஆகும். இந்த எல்லைக்குள் மண் கொட்டுதல், பள்ளம் தோண்டுதல், தளம் போடுதல் ஆகியவற்றைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். இரண்டு கயிறு தூரத்துக்குள், அதாவது 12 அடிக்குள், தடித்த வேரை எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. காற்றில் மரத்தைத் தாங்கிப் பிடிப்பவை அந்த வேர்கள்தாம்.

மனை நெருக்கத்தில் நான்கு கயிறு இடம் எல்லோருக்கும் கிடைக்காது. கிடைக்கும் இடத்தையாவது திறந்த மண்ணாக விட வேண்டும். டில்லியில் மரங்களைச் சுற்றிலும் குறைந்தது 1 மீட்டர் அளவுக்கு சிமெண்டுத் தளத்தை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. அந்த 1 மீட்டர் என்பது மிகக் குறைந்தபட்ச அளவே. வாசலில் தளம் தேவையானால் சிமெண்டுக்குப் பதிலாக, இடைவெளி விட்டு மணல்மேல் பதிக்கும் கல் நல்லது. மழைநீர் அதன் வழியே கீழே இறங்கும்.

செய்யக் கூடாதவை

மரத்தடியில் குப்பையையும் சருகையும் கொளுத்துவது மிகப் பெரிய தவறாகும். மரத்தின் உயிருள்ள திசு பட்டைக்கு அடியில் மெல்லிய படலமாகவே இருக்கிறது. வெளிப்பட்டை கருகாமல் இருந்தாலும் சூட்டில் உள்படலம் வெந்துபோகும். ஒரு பக்கம் முழுவதும் பட்டை உரிந்து, அந்த வழியே அழுகல் நுழையும்.

அடிமரத்தில் மாட்டுக் கயிறு, கொடிக் கம்பி, விளம்பரப் பலகைக் கம்பி ஆகியவற்றை இறுக்கிக் கட்டக் கூடாது. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்து உணவு ஓட்டத்தைத் தடுக்கும். சோப்புத் தண்ணீரும், நூல் சாயம் தோய்த்த தண்ணீரும் மரத்தடியில் தேங்கக் கூடாது. அவற்றிலுள்ள உப்பு மண்ணைக் கெடுத்து வேரைக் கருக்கும். பொந்தில் சிமெண்டு அடைப்பது பழைய பழக்கம். காற்றில் மரம் வளையும்; சிமெண்டு வளையாது. இரண்டுக்கும் இடையே விரிசல் ஏற்பட்டு ஈரம் தங்கி, அழுகல் விரைவாகும். பொந்தை அப்படியே விட்டுவிடுவது மேல். புள்ளி ஆந்தையும் கிளியும் அதில் குடியிருக்கும். ஆந்தை குடியிருந்தால் பக்கத்துத் தோட்டத்தில் எலித் தொல்லை குறையும்.

செய்ய வேண்டியவை

உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் பரப்ப வேண்டும். மூடாக்கு 2 முதல் 4 அங்குல கனம் இருக்கலாம். அடிமரத்தை ஒட்டி அரை அடி இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் பட்டையில் ஈரம் தங்கிக் கரையான் ஏறும்.

கோடையில் 15 முதல் 20 நாட்களுக்கு ஒரு முறை, மண் ஓர் அடி ஆழம் நனையும்படி நீர் விடலாம். அடிமரத்தில் ஊற்றுவதால் பயனில்லை. நிழல் எல்லையை ஒட்டி வட்டமாகப் பாத்தி கட்டி மெதுவாக விட வேண்டும்.

மண் இறுகிப் போயிருந்தால், நிழல் எல்லைக்கு உட்பட்ட பகுதியில் கடப்பாரையால் 2 அடிக்கு ஒன்றாக, ஓர் அடி ஆழத்தில் சிறு குழிகள் போட்டு, மக்கிய தொழு உரமும் மணலும் கலந்து நிரப்பலாம். தடித்த வேர் தட்டுப்பட்டால் குழியை நகர்த்திப் போட வேண்டும். ஏர் ஓட்டுவதோ ஆழமாகக் கொத்துவதோ கூடாது. தளர்ந்த மரத்தைத் தேற்றுவதாக எண்ணி யூரியாவை அள்ளி இடுவதும் கெடுதலே. வேர் குறைந்த மரத்தில் தழையை மட்டும் தூண்டிவிட்டால் வேரின் சுமைதான் கூடும்.

முன்பே மண் கொட்டப்பட்டிருந்தால், பழைய தரைமட்டம் தெரியும்வரை அடிமரத்தைச் சுற்றியுள்ள மண்ணைக் கையால் மெதுவாக அகற்ற வேண்டும். அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து வேராகப் பிரிவது கண்ணில் படவேண்டும். கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் மண் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

கிளை கழிக்கும் முறை

காய்ந்த கிளையை எப்போது வேண்டுமானாலும் அகற்றலாம். பச்சைக் கிளையை மழைக் காலத்தில் வெட்டக் கூடாது. முதிய மரத்தில் ஓராண்டில் பத்தில் ஒரு பங்குப் பச்சைக்கு மேல் கழிக்காமல் இருப்பது நல்லது. உச்சியை மொட்டையடிப்பதால் மரம் பத்திரமாகிவிடும் என்பது தவறான எண்ணம். வெட்டிய முனையில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருக்கும். நாலைந்து ஆண்டுகளில் அவை கனத்து, காற்றில் பிய்ந்து விழும்.

பெரிய கிளையை மூன்று வெட்டுகளில் எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே மேலிருந்து இரண்டாம் வெட்டு. கிளை பட்டையை உரிக்காமல் விழும். மீந்த குச்சத்தை மூன்றாவதாக அறுக்க வேண்டும். கிளை பிறக்கும் இடத்தில் மோதிரம் போல் சிறு புடைப்பு இருக்கும். அந்த வளையத்துக்கு வெளியே அறுத்தால் புதுப் பட்டை சுற்றிலும் வளர்ந்து காயத்தை மூடும். அடிமரத்தோடு ஒட்ட அறுத்தால் வளையமே போய்விடும், காயம் ஆறாது.

அமெரிக்க வன ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து இந்த உண்மையை விளக்கியவர். மரத்தின் காயம் மனிதனின் காயம் போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் தடுப்புச் சுவர் எழுப்பி, அதன்மேல் புதுக் கட்டையை வளர்க்கிறது என்று அவர் காட்டினார். வெட்டுவாயில் தாரும் பெயிண்டும் பூசுவதால் உள் அழுகல் நிற்பதில்லை என்பதும் அந்த ஆராய்ச்சிகளில் தெளிவாயிற்று. காய்ப்பு குறைந்த பழைய மாமரத்தைப் புதுப்பிக்க வெட்டும்போது மட்டும் வெட்டுவாயில் போர்டோ பசை தடவுவது நல்லது. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ இரண்டையும் தனித்தனியே கரைத்து, மொத்தம் 10 லிட்டர் நீரில் கலந்தால் பசை தயார்.

வேப்ப மரத்தின் நுனிக் கிளைகள் மழைக் காலத்தை ஒட்டித் தீப்பட்டதுபோல் பழுப்பாகக் காய்வதைப் பார்த்து மரமே போய்விட்டது என்று வெட்டிவிடக் கூடாது. தேயிலைக் கொசு நாவாய்ப் பூச்சியின் தாக்குதலோடு சேர்ந்து வரும் நுனிக்கருகல் பூசண நோய் இது. 2021இல் தெலங்கானாவில் இது பெரும் அளவில் காணப்பட்டது. நன்கு வேர் பிடித்த பெரிய மரங்கள் பெரும்பாலும் கோடையில் மீண்டும் துளிர்க்கின்றன. எட்டும் கிளைகளில் கருகிய பகுதியை வெட்டி அகற்றி, வேர்ப்பரப்பில் மக்கிய உரமும் நீரும் கொடுத்து ஒரு கோடையாவது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

எது ஆபத்தான மரம்?

பிள்ளைகள் விளையாடும் வாசலில், ஓட்டுக் கூரைக்கு மேலே பெரிய மரம் நிற்கும்போது, கோடை மழையோடு வரும் சூறைக்காற்றுக்கு வீட்டார் அஞ்சுவது நியாயமே. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கிளை முறிந்தவை ஒருபுறமிருக்க, வேரோடு பெயர்ந்தவையும் ஏராளம். அச்சம் நியாயம் என்பதற்காக எல்லா மரத்தையும் வெட்டவும் வேண்டாம். மரம் புனிதம் என்பதற்காக ஆபத்தான மரத்தை விட்டுவைக்கவும் வேண்டாம். சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். மாசி மாதம் இதற்கு ஏற்ற காலம்.

மரத்தின் சாய்வு புதிதாகக் கூடியிருக்கிறதா? அடியில் ஒரு பக்கம் மண் வெடித்து மேலெழுந்திருக்கிறதா? அடிமரத்திலோ வேர்முண்டிலோ தட்டுப்போன்ற காளான் முளைத்திருக்கிறதா? இரண்டு பெரிய கிளைகள் பிரியும் கவட்டில் விரிசல் இருக்கிறதா? அடிமரச் சுற்றில் பாதிக்கு மேல் பட்டை செத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அனுபவமுள்ளவரிடம் உடனே காட்ட வேண்டும். முதல் இரண்டு அறிகுறிகள் இருந்தால் அதுவரை மரத்தடியில் ஆளோ மாடோ இருக்க விடக்கூடாது.

பொந்து மட்டுமே இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. குழாய் உள்ளே வெற்றிடமாக இருந்தும் உறுதியாக நிற்கிறதல்லவா? சுற்றிலும் உள்ள நல்ல கட்டையின் கனம், அடிமரத்தின் மையத்திலிருந்து விளிம்பு வரையுள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். 3 அடி குறுக்களவுள்ள மரத்தில் இது அரை அடி. மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால், கட்டை நன்றாக உள்ள இடமும் உள்ளே கெட்ட இடமும் ஓசையிலேயே தெரியும்.

மின்கம்பியை ஒட்டிய கிளையைத் தாமாகவே வெட்டப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு. மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும்.

தென்னையும் பனையும்

மேலே சொன்ன விதிகளில் சில தென்னைக்கும் பனைக்கும் பொருந்தா. இவற்றில் பட்டைக்கு அடியில் வளரும் படலம் இல்லை. ஆகவே ஏறுவதற்காக மரத்தில் வெட்டும் படிகள் ஒருநாளும் மூடுவதில்லை. அவை சிவப்புக் கூன்வண்டுக்கு வாசலாகின்றன. வீட்டுக் கொல்லையிலுள்ள முதிய தென்னைக்கு அடிமரத்திலிருந்து 6 அடி சுற்றளவில் வட்டப்பாத்தி இருக்க வேண்டும். ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரமும், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் ஆகியவற்றையும் ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலுமாக இரண்டு பங்காகப் பிரித்து இட வேண்டும். அடிமரத்தில் செம்பழுப்பு நீர் கசிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாகும். அந்த மரத்தைச் சுற்றி வாய்க்கால் எடுத்துத் தனிமைப்படுத்தி, வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ இட்டு, 1 சத போர்டோ கலவை 40 லிட்டர் ஊற்ற வேண்டும்.

பனையை வெட்ட கலெக்டரின் அனுமதி அவசியம் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. தெருவோரத்திலும் வாய்க்கால் புறம்போக்கிலும் நிற்கும் மரங்கள் அரசுக்கு உரியவை. அவற்றை வெட்ட, 2021இல் ஏற்படுத்தப்பட்ட, கலெக்டர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

வாரிசு மரம்

எவ்வளவு பேணினாலும் ஒருநாள் மரம் போகத்தான் போகும். மரம் போன பிறகு கன்று நடுவது காலம் கடந்த வேலை. பழைய மரம் நலமாக இருக்கும்போதே, அதன் நிழல் எல்லைக்கு வெளியே வாரிசுக் கன்று நட்டுவிட வேண்டும். வீட்டோரத்துக்குப் புங்கன், வேம்பு, மகிழம், பூவரசு ஏற்றவை. தோட்டத்து ஓரத்தில் நாவலும் இலுப்பையும் நன்றாக வரும். விவசாயிகளுக்கு மரக்கன்றுகள் வழங்கும் அரசுத் திட்டம் பற்றி வட்டார வேளாண்மை அலுவலகத்தில் விசாரிக்கலாம். மர நோய்கள் குறித்த சந்தேகங்களுக்குக் கோபியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியையோ அணுகலாம்.

முதிர்ந்த வேம்பு ஒன்று ஆண்டுக்குச் சுமார் 30 முதல் 50 கிலோ வரை பழம் கொடுக்கும். அதன் கொட்டைப் பருப்பில் 5 கிலோவை இடித்து, நீரில் ஊறவைத்து வடிகட்டி 100 லிட்டராக்கினால், பூச்சி விரட்டும் 5 சதக் கரைசல் செலவின்றிக் கிடைக்கும். புளிய மரம் வீட்டுத் தேவைக்குப் போக விற்கவும் தருகிறது. நடு மதியத்தில் கறவை மாட்டுக்கு நிழல் தருவதும் இம்மரங்களே. புதுக் கன்று இந்த நிலைக்கு வர ஒரு தலைமுறை ஆகும்.

ஆகவே விவசாயப் பெருமக்கள் வரும் மாசிக்குள் ஒரு கயிற்றை எடுத்துத் தங்கள் மரத்தைச் சுற்றி அளந்து, நான்கு கயிறு எல்லையைக் காலால் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் தளம், கொட்டிய மண், குப்பைச் சாம்பல், கட்டிய கம்பி ஆகியவற்றில் எதை அகற்ற முடியுமோ அதை முதலில் அகற்றிவிட்டு, சித்திரைக் காற்று வருமுன் காய்ந்த கிளைகளையும் கழித்துவிட்டால், பாட்டன் வைத்த மரம் பேரன் காலத்திலும் நிற்கும்.